மாயக் கதைகளில் அறநம்பிக்கை

கல்லூரி விடுதிகளில் நண்பர்கள் கூடிக் கதைகளைப் பற்றிப் பேசும்போது ஒரு வாதம் அடிக்கடி எழுவதுண்டு. “நன்மை வெல்லும், தீமை தோற்கும் என்று முடிகிற கதைகள் குழந்தைகளுக்கு உரியவை. உலகம் அப்படி இல்லை. வல்லவன் வெல்கிறான், நல்லவன் மாள்கிறான். இதை மறைக்காமல் சொல்லும் கதையே உண்மையான கதை” என்று ஒருவர் கூறுவார். அங்ஙனம் கூறுபவர் பெரும்பாலும் அறிவுக் கூர்மை உடையவராகவும் நிறையப் படித்தவராகவும் இருப்பார். மற்றவர்கள் விடை சொல்லாமல் இருந்துவிடுவார்கள். மறுத்துப் பேசினால் நம்மைப் பேதை என்று எண்ணிவிடுவார்களோ என்ற கூச்சமே அவர்களைத் தடுக்கும்.

அந்த வாதத்தைச் சற்றுப் பொறுமையாக ஆராய்ந்து பார்ப்பதே இன்றைய பேச்சின் நோக்கம். அதற்கு நான் எடுத்துக்கொள்வது, இருபதாம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் தழைத்து வளர்ந்த ஓர் இலக்கிய வகை. ‘எபிக் ஃபாண்டஸி’ என்று அதற்குப் பெயர். காவிய மாயக் கதை என்று நாம் சொல்லலாம். வரைபடத்தில் இல்லாத நாடுகள், மந்திரம் வல்ல முதியோர், பழைய வாட்கள், பறவைநாகங்கள், ஓர் உலகத்தின் தலைவிதியையே தீர்மானிக்கும் பெரும்போர்கள் ஆகியவை அதில் வரும். இத்தகைய கதைகளில்தான் அறநம்பிக்கையும் அவநம்பிக்கையும் மிக வெளிப்படையாக மோதிக்கொள்கின்றன. நாட்டையும் மலையையும் கடவுளரையும்கூட ஆசிரியரே படைத்துக்கொள்கிறார் அல்லவா? ஆகவே அந்த உலகில் அறத்திற்கு இடம் உண்டா இல்லையா என்பதையும் அவரே தீர்மானித்தாக வேண்டும். சுற்றுப்புறத்தின்மேல் பழியைப் போட்டுவிட்டு அவர் தப்ப இயலாது.

இந்த இலக்கியத்திற்குத் தந்தை போன்றவர் ஜே. ஆர். ஆர். டோல்கின். அவர் 1892-ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்காவில் புளூம்ஃபான்டீன் என்ற நகரில் பிறந்தார், இங்கிலாந்தில் வளர்ந்தார். நான்கு வயதில் தந்தையை இழந்தார். பன்னிரண்டு வயதில் தாயையும் இழந்தார். பர்மிங்காம் பள்ளியில் படித்தபோது அவருக்கு உயிர்த்தோழர்கள் சிலர் வாய்த்தனர். கலையாலும் கவிதையாலும் உலகிற்கு ஏதேனும் நன்மை செய்ய வேண்டும் என்று அந்த இளைஞர்கள் கனவு கண்டனர். பிறகு முதல் உலகப்போர் வந்தது.

1916-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் பிரான்சு நாட்டில் சோம் ஆற்றங்கரைப் போர் தொடங்கிற்று. அந்த ஒரே நாளில் பிரித்தானியப் படையில் ஏறத்தாழ 19,000 பேர் மாண்டனர். காயமுற்றோரையும் சேர்த்துக் கணக்கிட்டால் இழப்பு 57,000-க்கு மேல். அன்று மாண்டவர்களில் டோல்கினின் தோழர் ராபர்ட் கில்சன் ஒருவர். அதே ஆண்டு டிசம்பரில் மற்றொரு தோழர் ஜெஃப்ரி ஸ்மித்தும் காயத்தால் இறந்தார். டோல்கினும் அந்தப் போர்க்களத்தில் செய்தித் தொடர்பு அதிகாரியாகப் பணியாற்றியவர். பதுங்கு குழிகளில் பேன் வழியாகப் பரவும் காய்ச்சல் ஒன்று அவரைப் பற்றிக்கொண்டதால் நவம்பரில் தாய்நாட்டிற்கு அனுப்பப்பட்டார். அந்தக் காய்ச்சலே அவரைக் காப்பாற்றிற்று என்றுகூடச் சொல்லலாம்.

இதை நான் விரித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நன்மையில் நம்பிக்கை வைத்து எழுதுபவர்கள் துன்பம் அறியாதவர்கள், மெத்தையில் படுத்துக் கனவு கண்டவர்கள் என்று எண்ணுவது எளிது. டோல்கின் சேற்றிலும் குருதியிலும் நின்று இருபத்துநான்கு வயதிலேயே நண்பர்களை இழந்தவர். அவநம்பிக்கை கொள்ள யாருக்கேனும் உரிமை உண்டு என்றால், அது அந்தத் தலைமுறைக்கே உண்டு. அந்தத் தலைமுறையின் கவிஞர் பலர் கசப்போடு எழுதினார்கள். அதில் நியாயமும் இருந்தது. டோல்கின் வேறு வழியில் சென்றார்.

1937-ஆம் ஆண்டு அவர் எழுதிய ‘ஹாபிட்’ என்ற சிறுவர் நூல் வெளிவந்தது. அந்த ஆண்டின் இறுதியிலேயே அதன் தொடர்ச்சியை எழுதத் தொடங்கினார். எழுதி முடிக்கப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின. இடையிலே இரண்டாம் உலகப்போர் வந்தது. 1944-இல் அவருடைய மகன் கிறிஸ்டஃபர் விமானப் படையில் சேர்ந்து தென்னாப்பிரிக்காவில் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்தார். எழுதிய அத்தியாயங்களைத் தந்தை மகனுக்கு அஞ்சலில் அனுப்பி வந்தார். கதையின் மிக இருண்ட பகுதிகள் அப்போது எழுதப்பட்டவையே. ‘மோதிரங்களின் தலைவன்’ என்று நாம் மொழிபெயர்க்கக்கூடிய அந்தப் பெருநூல் 1954, 1955 ஆகிய ஆண்டுகளில் மூன்று பாகங்களாக வெளிவந்தது.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சவுரான் என்னும் தீய அரசன் ஒரு மோதிரம் செய்கிறான். அளவற்ற ஆற்றலை அது தரும்; ஆனால் அணிந்தவனுடைய மனத்தை மெல்ல மெல்லத் தன்வயப்படுத்திக்கொள்ளும். தொலைந்துபோன அந்த மோதிரம் நெடுங்காலத்திற்குப் பின் ஒரு ஹாபிட்டின் கையில் கிடைக்கிறது. ஹாபிட்டுகள் என்போர் இடுப்பளவு உயரமே உடைய, தோட்டமும் விருந்தும் விரும்பும் எளிய மக்கள். அவர்களுள் ஒருவனாகிய ஃபிரோடோ, தன் தோட்டக்காரனும் தோழனுமாகிய சாமுடன் புறப்பட்டுப் பகைவன் நாட்டிற்குள்ளேயே சென்று, மோதிரம் வார்க்கப்பட்ட எரிமலையில் அதைப் போட்டு அழிக்க வேண்டும். இதுவே கதை.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. அத்துணை ஆற்றல் உடைய மோதிரத்தை அழிப்பானேன்? அதைக் கொண்டே பகைவனை வெல்லலாமே? கதைக்குள்ளேயே இக்கேள்வியைக் கேட்பவன் போரோமிர் என்ற வீரன். அவன் கெட்டவன் அல்லன். தன் நாட்டை உயிருக்கு மேலாக நேசிப்பவன். நல்ல நோக்கத்திற்காகத் தீய கருவியைப் பயன்படுத்தினால் என்ன என்பது அவன் கட்சி. ‘நடைமுறை அறிவு’ என்று நாம் பாராட்டும் அறிவு அதுவே. ஆனால் மந்திரவாதி காண்டால்ஃபும் அரசி காலாட்ரியலும் மோதிரத்தை வாங்க மறுக்கிறார்கள். நல்லது செய்யும் ஆசையின் வழியாகவே அது தங்களை வீழ்த்தும் என்பதை அவர்கள் அறிவார்கள். தீமை வெளியே உள்ள பகைவனிடம் மட்டும் இல்லை, நல்லவர் நெஞ்சின் ஓரத்திலும் அது காத்திருக்கிறது என்று கண்ட ஆசிரியரை உலகம் அறியாதவர் என்று எப்படிச் சொல்வது?

இனி, நம்பிக்கை என்ற சொல்லையே சற்று ஆராய்வோம். டோல்கின் மொழியியல் பேராசிரியர். தம் கதைமாந்தருக்காகத் தாமே மொழிகளை உருவாக்கியவர். அம்மொழிகளுள் ஒன்றில் நம்பிக்கைக்கு இரண்டு சொற்களை அவர் அமைத்தார். ‘அம்திர்’ என்பது ஒன்று. ‘எஸ்டெல்’ என்பது மற்றொன்று. நிலைமையைக் கண்டு, கணக்கிட்டு, நல்லது நடக்கக்கூடும் என்று எதிர்பார்ப்பது அம்திர். கணக்கு முழுவதும் எதிராக இருந்தபோதும், நன்மையே இவ்வுலகின் அடிப்படை என்று பற்றி நிற்பது எஸ்டெல். முன்னதை எதிர்பார்ப்பு என்றும், பின்னதை நம்பிக்கை என்றும் தமிழில் பிரித்துச் சொல்லலாம். பிற்காலத்தில் அரசனாகும் அரகார்ன் என்ற வீரனுக்கு இளமையில் இடப்பட்ட பெயரும் எஸ்டெல் என்பதே.

எதிர்பார்ப்பு செய்திகளைப் பொறுத்தது; நல்ல செய்தி வந்தால் வளரும், கெட்ட செய்தி வந்தால் தேயும். நம்பிக்கையோ ஒருவனுடைய நிலைப்பாடு. பகைவன் நாட்டில் நடக்கும் சாம் ஒரு கட்டத்தில் கையிலுள்ள உணவைக் கணக்கிட்டுப் பார்க்கிறான். மலையை அடையும்வரை போதும். திரும்பிவரப் போதாது என்று தெரிகிறது. அதாவது வேலை முடிந்தாலும் வீடு திரும்புவது இல்லை. அவனுடைய எதிர்பார்ப்பு அந்த இடத்தில் செத்துவிட்டது. ஆயினும் அவன் உட்கார்ந்துவிடவில்லை. முன்னைவிட உறுதியாக நடக்கிறான். தலைவனை முதுகில் சுமந்துகொண்டு மலை ஏறுகிறான். எதிர்பார்ப்பு அற்ற இடத்தில் எஞ்சி நிற்கும் நம்பிக்கை இது.

இதற்கு நேர்மாறான ஒருவரையும் டோல்கின் படைத்துக் காட்டுகிறார். கோண்டார் நாட்டை ஆளும் டெனதார் என்ற முதியவர் அவர். அறிவிலும் உறுதியிலும் பெரியவர். தொலைவில் நடப்பதைக் காட்டும் பளிங்குருண்டை ஒன்று அவரிடம் இருக்கிறது. அதன் வழியாக அவர் பகைவனின் படைகளைப் பார்க்கிறார். ஒன்றை இங்கே கவனிக்க வேண்டும். அந்தப் பளிங்கு பொய் காட்டாது. ஆனால் எதைக் காட்டுவது என்பதில் பகைவனுக்குச் செல்வாக்கு உண்டு. ஆகவே டெனதார் காண்பவை எல்லாம் உண்மைகள், தேர்ந்தெடுக்கப்பட்ட உண்மைகள்.

ஒருநாள் ஆற்றின் வழியே கறுப்புப் பாய் விரித்த கப்பல்கள் வருவதை அவர் காண்கிறார். அவை கடற்கொள்ளைக்காரரின் கப்பல்கள். ஏற்கனவே நகரம் முற்றுகையில் இருக்கிறது. மூத்த மகன் இறந்துவிட்டான். இளைய மகன் ஃபாராமிர் காய்ச்சலில் நினைவின்றிக் கிடக்கிறான். இனி எல்லாம் முடிந்தது என்று முடிவு கட்டுகிறார் டெனதார். சிதை அடுக்கச் சொல்லி, உயிரோடிருக்கும் மகனையும் அதில் கிடத்தித் தாமும் எரிந்துபோக முனைகிறார். பெரகாண்ட் என்ற சாதாரணக் காவலன் ஒருவன் கட்டளையை மீறித் தன் காவலிடத்தை விட்டு ஓடிவந்து தடுத்து நின்றதாலும், காண்டால்ஃப் வந்து சேர்ந்ததாலும் மகன் பிழைக்கிறான். தந்தை எரிந்துபோகிறார்.

அந்தக் கப்பல்கள் கரைக்கு வந்தபோது அவற்றில் இருந்தவர் யார்? கொள்ளைக்காரரை வென்று கப்பல்களைக் கைப்பற்றிக்கொண்ட அரகார்ன்! நகரத்தைக் காக்க வந்த படையே அது. டெனதார் கண்டது பொய் அன்று. கறுப்புப் பாய் உண்மை, கப்பல் உண்மை, அது நகரை நோக்கி வந்ததும் உண்மை. கப்பலில் யார் இருக்கிறார்கள் என்பது மட்டும் அவருக்குத் தெரியாது. தெரியாத அந்த ஒன்றைத் தெரிந்ததாக அவர் எண்ணிக்கொண்டார். அவருடைய அழிவு அங்கே தொடங்கிற்று.

மாணவர்களே, அவநம்பிக்கையின் இயல்பை இதைவிடத் தெளிவாகக் காட்டும் கதைப்பகுதி ஒன்றை நான் படித்ததில்லை. அவநம்பிக்கை கொண்டவர் தம்மைப் பெரிய உண்மையாளர் என்று கருதுகிறார். ‘நான் உள்ளதை உள்ளபடி காண்கிறேன், நீங்கள் கனவு காண்கிறீர்கள்’ என்கிறார். அவர் காட்டும் கொடுமைகள் உண்மையாகவே நடந்தவையாக இருக்கலாம். ஆனால் நடந்ததிலிருந்து, இனி நடக்க இருப்பதும் எனக்குத் தெரியும் என்று ஓர் அடி தாண்டிவிடுகிறார். அந்த ஓரடி அறிவின் அடி அன்று, செருக்கின் அடி. நம்பிக்கை உடையவனோ ‘எனக்கு முடிவு தெரியாது, தெரியாதவரை என் கடமையைச் செய்வேன்’ என்கிறான். இருவருள் அடக்கம் உடையவன் யார், உண்மைக்கு அருகில் இருப்பவன் யார் என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

கதையின் உச்சத்தை இப்போது பார்ப்போம். ஃபிரோடோ எரிமலையின் விளிம்பை அடைகிறான். இத்தனை துன்பங்களையும் பொறுத்து வந்த அவன், மோதிரத்தை எறிந்தானா? இல்லை. அந்தக் கடைசி நொடியில் மோதிரம் அவனை வென்றுவிடுகிறது. ‘இது எனக்கே உரியது’ என்று அதை அணிந்துகொள்கிறான். கதாநாயகன் தோற்றுவிட்டான்! அப்போது கோல்லம் என்ற இழிந்த பிறவி பாய்ந்து, ஃபிரோடோவின் விரலைக் கடித்து மோதிரத்தைப் பறித்து, மகிழ்ச்சியில் கூத்தாடிக் கால் தவறி நெருப்பில் வீழ்கிறது. மோதிரம் அழிகிறது.

இந்தக் கோல்லம் அதுவரை உயிரோடிருந்தது எவ்வாறு? பல்லாண்டுகளுக்கு முன் ஃபிரோடோவின் உறவினர் பில்போ, அதைக் கொல்லும் வாய்ப்புக் கிடைத்தும் இரங்கி விட்டுவிட்டார். பின்னர் ஃபிரோடோவும் இரங்கினான். இறுதியில் சாமும், வெறுப்பு மிகுதியாக இருந்தும், வாளை ஓங்கிய கையைத் தாழ்த்தினான். இரங்கியவர் எவரும், இதனால் உலகம் பிழைக்கும் என்று கணக்கிட்டு இரங்கவில்லை. கணக்குப் பார்த்திருந்தால் கொல்வதே அறிவுடைமை என்று தோன்றியிருக்கும். எதிரே துன்புறும் ஓர் உயிர் இருந்தது, கை ஓங்க மனம் வரவில்லை, அவ்வளவுதான். வலிமை கைவிட்ட இடத்தில் அந்தப் பழைய இரக்கம் வந்து காப்பாற்றிற்று. அந்த இடத்தில் மோதிரத்தை எதிர்த்து நிற்க யாராலும் முடிந்திராது என்று டோல்கின் தம் கடிதங்களில் விளக்கியிருக்கிறார். ஆதலால் இது நல்லவனின் ஆற்றலைப் புகழும் கதை அன்று. நல்லவனும் தோற்பான் என்று ஒப்புக்கொண்டு, அதற்கு அப்பாலும் பார்க்கும் கதை.

வெற்றிக்குப் பின்னும் டோல்கின் நம்மைச் சிரித்துக்கொண்டே வீட்டிற்கு அனுப்பிவிடுவதில்லை. ஹாபிட்டுகள் ஊர் திரும்பும்போது அங்கே மரங்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. அடாவடிக்காரர்கள் ஆட்சி செய்கிறார்கள். மீண்டும் போராட வேண்டியிருக்கிறது. ஃபிரோடோவின் காயங்கள் ஆறுவதில்லை. தான் காத்த ஊரில் தானே மகிழ்ந்து வாழ இயலாமல் கப்பலேறிச் சென்றுவிடுகிறான். போர்க்களத்திலிருந்து மீண்டும் மனம் மீளாத இளைஞர் பலரை ஆசிரியர் தம் காலத்தில் கண்டிருப்பார் அல்லவா?

1939-ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தில் உள்ள செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் டோல்கின் மாயக் கதைகளைப் பற்றி ஒரு சொற்பொழிவு ஆற்றினார். எல்லாம் கெட்டது என்று தோன்றும் வேளையில் எதிர்பாராது தோன்றும் இன்பத் திருப்பத்திற்கு அவர் அதிலிருந்து விரித்தெழுதிய கட்டுரையில் ஒரு புதுச் சொல் படைத்தார். ‘நற்றிருப்பம்’ என்று அதனை நாம் சொல்லலாம். துன்பமும் தோல்வியும் இருக்கின்றன என்பதை அது மறுக்கவில்லை. இறுதியில் எல்லாம் தோல்விதான் என்ற தீர்ப்பை மட்டுமே மறுக்கிறது என்பது அவர் கருத்து. இத்தகைய கதைகள் வாழ்க்கையிலிருந்து தப்பி ஓடுபவை என்ற பழிக்கும் அவர் அங்கே விடை கூறினார். போர்க்களத்தை விட்டு ஓடும் கோழையின் ஓட்டம் வேறு. சிறையில் அடைபட்டவன் வீட்டை நினைத்து விடுதலை தேடுவது வேறு. இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்பக்கூடாது என்றார்.

இனி, எதிர்க்கட்சியின் பக்கமும் நாம் நியாயமாகக் கேட்க வேண்டும். இந்நூல் வெளிவந்த 1954-ஆம் ஆண்டிலேயே கவிஞர் எட்வின் மியூர், இதில் நல்லவர் நல்லவராகவே இருக்கின்றனர், தீயவர் மாறாமல் தீயவராகவே இருக்கின்றனர் என்று குறை கூறினார். 1978-இல் மைக்கேல் மூர்காக் என்ற எழுத்தாளர், இத்தகைய நூல்கள் குழந்தையைத் தட்டித் தூங்கவைக்கும் தாலாட்டைப் போலப் படிப்பவரை மயக்குகின்றன என்று கடுமையாகத் தாக்கினார். போரோமிரையும் கோல்லத்தையும் நினைத்தால் மியூரின் குறை முழுவதும் பொருந்தவில்லை. ஆனால் ஓர்க்குகள் என்னும் பகைப்படையினரை எண்ணும்போது அதில் உண்மை இல்லாமலும் இல்லை. டோல்கினைப் பின்பற்றி எழுதிய பலர், அவருடைய துயரத்தை விட்டுவிட்டு வெற்றியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள் என்பதும் உண்மை. விலை கொடுக்காமல் வாங்கிய வெற்றி எவருக்கும் சலித்துப்போகும். அந்தச் சலிப்பிலிருந்து ஒரு புதிய போக்குப் பிறந்தது.

அப்போக்கின் பெயர்பெற்ற ஆசிரியர் அமெரிக்கரான ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின். 1948-இல் பிறந்தவர், வியட்நாம் போரில் ஆயுதம் ஏந்த மனச்சாட்சி இடம் தரவில்லை என்று மறுத்து, மாற்றுப் பணி செய்தவர். அவருடைய பெருங்கதையின் முதற்பாகம் 1996-இலும் ஐந்தாம் பாகம் 2011-இலும் வெளிவந்தன. 2011 முதல் 2019 வரை அது தொலைக்காட்சித் தொடராகி உலகெங்கும் பரவிற்று. மார்ட்டின் டோல்கினைப் போற்றுபவர். ஆயினும் 2014-இல் ஒரு பேட்டியில் நல்லதொரு கேள்வி கேட்டார். அரகார்ன் நல்லவன், ஆதலால் நன்றாக ஆண்டான் என்று சொன்னால் போதுமா? அவன் வரி விதித்த முறை யாது? பஞ்சம் வந்தபோது என்ன செய்தான்? நல்ல உள்ளம் மட்டும் நல்ல ஆட்சி ஆகிவிடாது என்பதே அவர் கருத்து. இது கசப்பு அன்று, பொறுப்புள்ள கேள்வி.

அவருடைய முதற்பாகத்தில் எட்டார்ட் ஸ்டார்க் என்ற நேர்மையான பிரபு வருகிறார். அரசியின் பெருங்குற்றம் ஒன்றை அவர் கண்டுபிடிக்கிறார். அரசனிடம் சொன்னால் அரசியின் குழந்தைகளும் கொல்லப்படுவார்கள். ஆகவே குழந்தைகளுக்கு இரங்கி, ‘அவர்களை அழைத்துக்கொண்டு தப்பிப் போய்விடு’ என்று அரசியையே முன்கூட்டி எச்சரிக்கிறார். அரசி அந்த அவகாசத்தைப் பயன்படுத்தி அவரைச் சிறையில் அடைக்கிறாள். இறுதியில் அவர் தலை வெட்டப்படுகிறது.

இரண்டு கதைகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். டோல்கினின் கதையில் இரக்கம் உலகைக் காத்தது. மார்ட்டினின் கதையில் இரக்கம் இரங்கியவரையே கொன்றது. “பார்த்தீர்களா? இரக்கம் மடமை” என்று அவநம்பிக்கையாளர் இங்கே கைதட்டுகிறார். பலர் இந்த இடத்தோடு புத்தகத்தை மூடிவிட்டு, உலகப் பாடத்தைக் கற்றுக்கொண்டதாக எண்ணுகின்றனர்.

மூடாமல் மேலே படிப்பவருக்கு வேறொன்று தெரியும். எட்டார்ட் மாண்டு நெடுநாளுக்குப் பின், ஐந்தாம் பாகத்தில், அவருடைய மகள் கொடியவர் கையில் சிக்கியிருப்பதாகக் கேள்விப்பட்ட மலைநாட்டு முதியவர்கள், கடும்பனியில் மடிய நேர்ந்தாலும் அவளை மீட்பதற்காகப் புறப்படுகிறார்கள். இறந்தவரால் அவர்களுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. அவர்மேல் வைத்த அன்பு மட்டுமே அவர்களை நடத்துகிறது. அதே கதையில் டைவின் லானிஸ்டர் என்ற மற்றொரு பிரபு இருக்கிறார். அச்சத்தால் ஆள்வதே அறிவு என்று வாழ்ந்தவர். அவர் தம் மகன் கையாலேயே இறக்கிறார். அவர் கட்டிய குடும்பப் பெருமை உடனே சரியத் தொடங்குகிறது. ஆக, அறம் உடனே பலன் தரும் என்று மார்ட்டின் சொல்லவில்லை. அறத்திற்குப் பலனே இல்லை என்றும் சொல்லவில்லை.

2000-ஆம் ஆண்டில் வெளிவந்த மூன்றாம் பாகத்தில் இன்னும் தெளிவான இடம் ஒன்று உண்டு. ஸ்டானிஸ் என்னும் அரசர் நாட்டைக் காப்பதற்காக ஒரு சிறுவனை நெருப்பில் பலியிட எண்ணுகிறார். ஒரு நாட்டின் வாழ்வுக்கு எதிரே ஒரு சிறுவனின் உயிர் எம்மாத்திரம் என்பது அவர் கேள்வி. அவருடைய அமைச்சர் டாவோஸ், முன்பு கள்ளக்கடத்தல் செய்த எளிய மனிதர். அந்த ஓர் உயிரே எல்லாம் என்று அவர் கருதுகிறார். சிறுவனை இரகசியமாகக் கப்பலேற்றி அனுப்பிவிட்டு, தலை போகும் என்று தெரிந்தே அரசர் முன் வந்து நிற்கிறார். போரோமிர் கேட்ட அதே கேள்விக்கு, வேறொரு நாட்டு ஆசிரியர், வேறொரு காலத்தில் தந்த விடை இது. காண்டால்ஃபின் விடையிலிருந்து இது வேறுபட்டதா?

எனவே கதையில் இருள் இருப்பது வேறு. அவநம்பிக்கை இருப்பது வேறு. நல்லவன் சாவதால் ஒரு கதை அவநம்பிக்கைக் கதை ஆகிவிடாது. நல்லவன் வெல்வதால் நம்பிக்கைக் கதையும் ஆகிவிடாது. பிரித்தறிய ஓர் அளவுகோல் சொல்கிறேன். நல்ல செயல் தோற்ற பின்னும், அதை நல்ல செயல் என்றே அந்தக் கதை மதிக்கிறதா? மதித்தால், எத்துணை இருண்டதாயினும் அதில் அறநம்பிக்கை உண்டு. தோற்றதனாலேயே அந்தச் செயலை எள்ளி நகைத்தால், எத்துணைத் திறமையாக எழுதப்பட்டதாயினும் அது அவநம்பிக்கைக் கதையே. கொலையையும் வஞ்சகத்தையும் அடுக்கி வைத்து, ‘இதுதான் உலகம்’ என்று தோள் குலுக்கும் நூல்கள் பல வந்திருக்கின்றன. அவையும் ஒருவகைத் தாலாட்டே. எதுவும் செய்து பயனில்லை என்ற எண்ணம், ஒன்றும் செய்யாமல் இருப்பவனுக்கு எவ்வளவு வசதியானது!

நம்பிக்கையை ஒருமுறை பெற்றுவிட்டால் போதும் என்றும் எண்ண வேண்டா. டோல்கின் தம் பெருநூலுக்கு ஒரு தொடர்ச்சி எழுதத் தொடங்கினார். சவுரான் வீழ்ந்து ஒரு நூறாண்டுக்குப் பின் நடப்பது. அமைதியும் செல்வமும் நிறைந்த நாட்டில் மக்கள் நன்மையிலேயே சலிப்புற்று, தீமையை விளையாட்டாகத் தேடத் தொடங்குகின்றனர் என்பது அதன் கரு. சில பக்கங்கள் எழுதிய பின், அது மனத்தைத் தளரச் செய்யும் கதையாக இருப்பதைக் கண்டு கைவிட்டுவிட்டார். ‘புதிய நிழல்’ என்ற அந்தச் சிறு பகுதி அவர் மறைவுக்குப் பின் 1996-இல் அச்சாயிற்று. நன்மை வென்ற பிறகும் அதைக் காக்கும் வேலை தலைமுறைதோறும் புதிதாகத் தொடங்க வேண்டும் என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார்.

மாணவ நண்பர்களே, உங்கள் கையிலும் ஒரு பளிங்குருண்டை இருக்கிறது. தொலைபேசியின் சிறு திரையில் உலகத்துக் கொடுமைகள் நாள்தோறும் உங்கள்முன் வந்து நிற்கின்றன. அவற்றுள் பல உண்மையே; பார்க்க வேண்டியவையே. பார்க்காமல் கண்ணை மூடிக்கொள்ளும்படி நான் சொல்லவில்லை. டெனதார் பார்த்தது குற்றம் அன்று. பார்த்ததே முழு உலகம் என்று எண்ணிச் சிதை அடுக்கியதே குற்றம்.

அடுத்த முறை விடுதியில் நண்பர் ஒருவர் நல்லவர்களின் தோல்வியைக் காட்டிச் சிரிக்கும்போது, நீங்கள் கூசி அமைதியாக இருக்க வேண்டியதில்லை. அவர் காட்டும் கறுப்புப் பாய்களை நீங்களும் பார்ப்பதாக ஒப்புக்கொள்ளுங்கள். பிறகு, கப்பலில் வருவது யார் என்று தெரியுமா என அன்போடு கேளுங்கள். அவருக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. தெரியாத அந்த இடைவேளையில், நினைவின்றிக் கிடக்கும் ஃபாராமிரைக் காக்க யாரேனும் ஒருவர் ஓடியாக வேண்டும். பெரகாண்ட் ஓடினான். அவன் பெரிய வீரனும் அல்லன், பேரறிஞனும் அல்லன். வாயில் காக்கும் வெறும் காவலன்.